ராகு காலத்துக்குத் தப்பிய இண்டர்வியூ

மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடத் தெரியாத மாமனார்கள் என்று ஒரு ரகம் உண்டு. நான் அந்த ரகம். என் மகள் மீனாவுக்குக் கல்யாணம் முடிந்து பல வருடம் வரைக்கும், மாப்பிள்ளை செந்திலிடம் நான் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். “வாங்க மாப்ள.” “சாப்ட்டீங்களா மாப்ள.” “இன்னிக்கு வெயில் சாஸ்தி.” அவ்வளவுதான். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. “ஆமா மாமா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரும் ஓர் அறையில் தனியாக மாட்டிக்கொண்டால் டி.வி.யில் எது ஓடினாலும் பார்ப்போம். ஒருமுறை வெகுநேரம் குக்கர் விளம்பரம் பார்த்திருக்கிறோம். (ஹிந்தியில். எனக்குப் பாதி புரியவில்லை. அவருக்குப் புரிந்ததா என்று கேட்கவும் இல்லை.)

நான் பத்தாவது வரை படித்தவன். தென்காசிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பூனாவுக்கு வந்து, போசரியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். சாங்வியில் இரண்டு அறை வீடு. மாப்பிள்ளை சாப்ட்வேர் இன்ஜினியர். அப்போது மகர்பட்டாவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவருக்கு வேலை. அந்தக் கட்டடத்தை ஒருநாள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்து என் மனைவியிடம், “ஆகாசம் பூரா அது மேலதான் தெரியுது” என்று சொன்னேன். அவள் அதை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அந்தக் கட்டடத்திலிருந்துதான் அவரை அனுப்பிவிட்டார்கள். தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஒரு காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லையாம். அப்படித்தான் அவருக்கே தெரிந்ததாம். எங்கள் கம்பெனியில் ஓர் ஆளை நிறுத்துவதென்றால் முதலாளி முகத்தைக் காட்ட முடியாமல் ஒளிந்து திரிவார். பெரிய இடத்தில் அந்தக் கஷ்டம் எல்லாம் யாருக்கும் கிடையாது போல.

கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தார்கள். பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது ஐந்தாவது ஆளாக எங்களோடு குடியிருந்தது. ஊரில் இருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கு வேலை போனதே தெரியாது. சாயங்காலம் அவர்கள் போன் செய்தால், “வீட்ல இருந்தே வேல பாக்கச் சொல்லிட்டாங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டு, பால்கனியில் காயும் துணிகளுக்கு நடுவே போய் நிற்பார். துணி காய்ந்த பிறகும் நிற்பார்.

நாங்கள் அவரைக் கவனித்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். மிக்சி சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று, அவர் குளிக்கப் போகும் வரை காத்திருந்துதான் என் மனைவி சட்னி அரைப்பாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. நான் டி.வி. பார்ப்பதை விட்டேன். வேலை முடிந்து வந்தால் செருப்பை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைவேன். அவர் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. நாலாவது தோசை வைத்தாலும் சாப்பிடுவார். எட்டாவது வைத்தாலும் சாப்பிடுவார். பிள்ளைக்கு நல்ல பசி என்று என் மனைவிக்கு ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் அந்தப் பெரிய கம்பெனி இண்டர்வியூ வந்தது. பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்து இறக்குவது போல ஒரே இண்டர்வியூவில் முடிகிற சமாசாரம் இல்லை அது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. எல்லாம் வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி இண்டர்வியூவுக்கு வந்துவிட்டார். அன்று மீனா சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“யப்பா, இது கிடைச்சா நாங்க பழையபடி தனியாப் போயிரலாம். கிடைக்கலன்னா ஊருக்குப் போய் அவங்க அப்பாட்ட உண்மையச் சொல்லிட்டு, அவரு கடையில உக்காந்துருவேன்னு சொல்லுதாங்க.”

“நீ?”

“நான் இங்க வேல பாக்கேன்லா. வேலய விட்டுட்டு நானும் போகவா?”

நான் போய் நாள் பார்த்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

கம்பெனி கொடுத்திருந்த நேரம் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். யாரோ உட்கார்ந்து குறி பார்த்து வைத்தது போல அச்சாக அதே நேரம். அந்த நேரம் ஆகவே ஆகாது. ஆனால் மாப்பிள்ளையிடம் நேராகப் போய்ச் சொல்கிற ஆளா நான்? மனைவியிடம் சொன்னேன். அவள் மீனாவிடம் சொன்னாள். மீனா தலையில் அடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள். (எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே எங்கள் வீட்டில் இரண்டு ஆபீஸ் உண்டு.) பதிலும் அதே வழியில் திரும்பி வந்தது. “மாத்திக் கேக்கேன்னு மாமாட்ட சொல்லு.”

வீட்டில் ஒரு காரியம் என்று கம்பெனிக்கு எழுதிப்போட்டார். வெள்ளிக்கிழமை பதினொன்று, இல்லாவிட்டால் வியாழக்கிழமை பதினொன்று என்று பதில் வந்தது. இனிமேல் மாற்ற முடியாது என்றும் பணிவாக ஒரு வரி. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு. வியாழன் பதினொன்று சுத்தமான நேரம். குருவுக்கு உகந்த நாள். போதாததற்கு எனக்கும் அன்று வார லீவு. கூடவே இருந்து எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். வியாழன் என்று தீர்ப்புச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு விஷயத்தில் நான் தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் மனைவி பீரோவிலிருந்து ஒரு கோட்டை எடுத்து வந்தாள். மாப்பிள்ளையின் ரிசப்ஷனுக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த கோட். மெரூன் நிறம். காலரில் ஜரிகை வேலைப்பாடு.

“யம்மா, இண்டர்வியூக்கு யாரும் கோட்டு போட மாட்டாங்க. சட்டையே போதும்,” என்றாள் மீனா.

“பெரிய கம்பெனின்னு நீதானட்டி சொன்ன. சின்னக் கம்பெனிக்குச் சட்டை போட்டுக்கிடட்டும்.”

“அதுல ஜிகினால்லாம் இருக்கும்மா.”

“கேமராவுல எங்கன தெரியப் போவுது?”

மாப்பிள்ளை எழுந்து, “பரவால்ல அத்தை, போட்டுக்கிடுதேன்,” என்று கையை நீட்டினார். அவள் கோட்டை மாட்டிவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமமும் வைத்துவிட்டாள். அவர் அதற்கும் தலையைக் குனிந்து கொடுத்தார். மேஜையில் லேப்டாப். பக்கத்தில் தண்ணீர். நான் காலிங் பெல்லின் வயரைக் கழற்றிவிட்டு வந்தேன்.

பத்தரை இருக்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றி, யோசித்து, நின்றுவிட்டது.

எனக்கு ஏன் வியாழக்கிழமை லீவு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கம்பெனிகளுக்கு வார விடுமுறை வியாழன்தான். பூனாவில் கரண்டுக்காரர்கள் லைனை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும் நாள் வியாழன் என்பதால் வந்த வழக்கம் அது. எல்லா வியாழனும் கரண்ட் போகாது. ஆனால் போனால் வியாழன்தான் போகும். இந்த ஊரில் பால் போடுகிறவருக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அந்த லீவில்தான் நான் இத்தனை வருடமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். கரண்ட் இல்லாத நாள் என்பதற்காகவே எனக்கு லீவு கொடுக்கிறார்கள். லீவு நாளாக இருக்கிறதே என்று அதே நாளை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மண்டைக்குள் ராகு உட்கார்ந்திருந்த இடத்தில் வேறெதற்கும் இடமில்லை.

“இன்னிக்கு வியாழக்கிழமைல்லாப்பா,” என்றாள் மீனா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கம்பெனி கொடுத்த நல்ல லேப்டாப்பைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. இது பழையது. பேட்டரி செத்து நாளாயிற்று. வயரைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும். போனில் இண்டர்வியூ கொடுக்க முடியாதாம், கேட்பவர்கள் முன்னால் எழுதிக் காட்ட வேண்டுமாம். ஏற்கெனவே ஒருமுறை மாற்றிக் கேட்டாயிற்று. மாப்பிள்ளை இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பரவால்ல மாமா,” என்றார்.

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் என் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பரவால்லதான் என்னைக் கிளப்பிவிட்டது. போனை எடுத்து சேகரை அழைத்தேன்.

சேகர் ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பையன் என்றால் நாற்பது வயது. பொங்கல் விழா மேடைக்கு லைட் போட வந்து பழக்கமானவன். பிம்ப்ளே குரவ் பக்கம் ஒரு கார்யாலயத்தில் லைட், ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. கல்யாண மண்டபத்துக்கு இங்கே கார்யாலயம் என்று பெயர்.

“அண்ணா, டென்ஷன் நக்கோ. பிந்தாஸ் வா,” என்றான் சேகர். கவலைப்படாமல் வா என்கிறான். அவன் பேச்சில் பாதி மராத்தி. “இங்க ஜெனரேட்டர் சாலு, ஓடிக்கிட்டே கீது. ஒரு கல்யாணம் கீது, ஆனா பொண்ணு ரூம் காலி. பொண்ணு தயார் ஆயி கீழ போயிடுச்சி. ஏசி இருக்கு, டேபிள் இருக்கு. ஒருத்தனும் வர மாட்டான், நான் கேரண்டி.”

அன்றைக்கு ஏன் அங்கே கல்யாணம் என்று நான் யோசிக்கவில்லை. நல்ல நாளும் நல்ல நேரமும் எனக்கு மட்டுமா சொந்தம்?

மாப்பிள்ளை லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்காரர் கோட்டையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, “அபிநந்தன்” என்று வாழ்த்தினார். மாப்பிள்ளை, “தேங்க்யூ” என்றார். சொன்னேனே, அவர் யாருக்கும் மறுப்புச் சொல்லாதவர்.

மணமகள் அறை மாடியில் இருந்தது. மேஜையில் பூவும் ஹேர்பின்னும் இறைந்து கிடந்தன. ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை வைத்தோம். சேகர் பிளக்கைச் சொருகினான். மாப்பிள்ளையின் போனிலிருந்து நெட். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்துவிட்டார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இடுக்கு வழியாக மாப்பிள்ளையின் முதுகும் திரையில் ஒரு பாதியும் தெரிந்தன.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அவர் பேசினார். இங்கிலீஷில், தடங்கல் இல்லாமல், கையை ஆட்டி. அந்த மனிதருக்கு இத்தனை பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நடுவில் ஏதோ சொன்னார், திரையில் இருந்த இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (ஜெனரேட்டர் புகையும் ஒரு காரணம்.)

அப்போது கீழே மைக்கில் மந்திரம் தொடங்கியது. மராத்திக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பாட்டாக மந்திரம் சொல்வார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் “சாவதான்” என்று இழுத்து நிறுத்துவார்கள். கவனம் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்ததும் கூடியிருப்பவர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அட்சதையை வீசுவார்கள். மாடி வராந்தாவிலும் ஒரு ஒலிபெருக்கி இருந்தது, என் தலைக்கு நேர் மேலே.

முதல் “சாவதான்” முடிவதற்குள் படியில் தடதடவென்று சத்தம். பட்டுப்புடவைப் பெண்கள் நாலைந்து பேர், எல்லோர் கையிலும் அட்சதை. முன்னால் பச்சைப் புடவையில் பெண்ணின் சித்தி. பின்னால் பெரிய தலைப்பாகையுடன் பெண்ணின் தாய்மாமன்.

“காகா, தார் உக்டா,” என்றார் சித்தி. பெரியவரே, கதவைத் திறங்கள் என்கிறார். தாலி உள்ளே பீரோவில் இருக்கிறதாம். மந்திரம் முடிந்ததும் வேண்டுமாம்.

நான் கைப்பிடியை விடவில்லை. எனக்குத் தெரிந்த மராத்தியில் வெங்காயம் வாங்கலாம், போல்ட் எண்ணலாம். உள்ளே ஒரு மனிதனின் கடைசி இண்டர்வியூ நடக்கிறது, கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொல்ல அது போதாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சித்தியின் முகம் மாறியது. “ஆத் கோண் ஆஹே?” உள்ளே யார்?

நான் உள்ளதைச் சொன்னேன். “மாஜா ஜாவயி.” என் மாப்பிள்ளை.

அவர்கள் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். மணமகள் அறை. கதவைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, யாரென்றே தெரியாத ஓர் ஆள். உள்ளே தன் மாப்பிள்ளை இருக்கிறார் என்கிறான். கீழே மேடையில் வேறொரு மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார். தாய்மாமன் என் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்து, கொடியில் காயும் துணியை ஒதுக்குவது போல என்னை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே மெரூன் கோட்டும் ஜரிகைக் காலரும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஓர் இளைஞன். எல்லோருடைய சந்தேகத்துக்கும் என் மனைவி முன்கூட்டியே துணி தைத்து வைத்திருந்தது போல இருந்தது. மாப்பிள்ளை பாதி வாக்கியத்தில் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் இரண்டாவது “சாவதான்” விழுந்தது.

அந்தப் பெண்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து பழகிய கை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் தானாக வீசிவிட்டது. மேடை கீழே இருந்தது. எதிரில் இருந்தது என் மாப்பிள்ளை. அவர் தலையிலும் தோளிலும் லேப்டாப்பிலும் மஞ்சள் அரிசி கொட்டியது.

ஓர் அரிசி பட்டனுக்கு அடியில் போய்விட்டது. எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரே எழுத்து, அவர் அதுவரை எழுதியிருந்ததற்கு நடுவே புகுந்து, திரை முழுக்க ஓட ஆரம்பித்தது. அவர் அழுத்துகிறார், தட்டுகிறார், கவிழ்த்துப் பார்க்கிறார். அது பாட்டுக்கு ஓடுகிறது. எதிர்ப்பக்கம் இருந்த இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையில் சித்தி கேமராவுக்குக் குறுக்கே போய்ப் பீரோவைத் திறக்கப் பார்த்தார். சாவி அவரிடம் இல்லை. சாவி உன்னிடமா என்னிடமா என்று அங்கேயே ஒரு வாக்குவாதம். கடைசியில் சாவி ஒருத்தியின் இடுப்பிலேயே கிடைத்து, தாலி வெளியே வந்தது. தாய்மாமன் குனிந்து லேப்டாப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தலைப்பாகை திரையை அடைத்தது. உள்ளே இரண்டு முகம் தெரிந்ததும், மரியாதை தெரிந்த மனிதர், “நமஸ்கார்” என்று கும்பிட்டார். உள்ளே இருந்த பெண்ணும், “நமஸ்கார்” என்றார். பக்கத்தில் இருந்தவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

சேகர் ஓடிவந்து மராத்தியில் மளமளவென்று எல்லாவற்றையும் விளக்கினான். இண்டர்வியூ என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மாமன் பதறிப்போய் எல்லோரையும் வெளியே தள்ளி, கதவைப் பூப்போலச் சாத்தி, என் பக்கத்தில் தானும் காவலுக்கு நின்றுவிட்டார். என் காலரை நீவிவிட்டார். கீழே பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கியது. அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி, நிறுத்து என்று சைகை காட்டினார். சொந்த மருமகள் கல்யாணத்தில், யாரோ ஒருவனுடைய வேலைக்காக. பேண்டுக்காரர்களுக்கு அது தெரியவில்லை.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். திரையில் இருந்த பெண் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை இல்லை என்று தலையாட்டினார். அவர் எதற்காவது இல்லை என்று தலையாட்டி நான் பார்த்ததில்லை. அடுத்து இன்னொரு கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதில் அரிசி ஒட்டியிருந்தது. அவர் சும்மா இருந்தார். அவர்களும் சும்மா இருந்தார்கள். அந்த மௌனம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. எங்கள் வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் இருப்பது.

லேப்டாப்பை மூடிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, “ஜேவூன் ஜா” என்று தாய்மாமன் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் போகக் கூடாதாம். ஜெனரேட்டருக்குப் பின்னால் சேகர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். மசாலா பாத், ஜிலேபி, மோர். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்கு டி.வி.யும் இல்லை.

ஜிலேபிக்கு வந்தபோது அவராகவே பேசினார்.

“அந்த மேடம், வேற நாள் வச்சுக்கிடலாமான்னு கேட்டாங்க மாமா.”

“அப்படியா மாப்ள. நல்லதாப் போச்சு. எப்ப?”

“வேண்டாம்னுட்டேன்.”

கையிலிருந்த ஜிலேபியைத் தட்டில் வைத்தேன். “ஏன் மாப்ள?”

“இன்னும் ஒரு வாரம் என்னால முடியாது மாமா.”

“படிக்கதுக்கா?”

“படிப்பு இல்ல.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீங்க செருப்பக் கையில எடுத்துட்டு உள்ள வாரீங்கள்லா. அது.”

ஜெனரேட்டர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நடிக்கலாமா என்று பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

“நான் குளிக்கப் போனாத்தான் அத்தை சட்னி அரைக்காங்க. அது தெரிஞ்சதுல இருந்து சீக்கிரமே எந்திரிச்சுக் குளிக்கேன், பாவம், அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு. எட்டு தோசைல்லாம் எனக்கு முடியாது மாமா. வயிறு வலிக்கி. வேண்டாம்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். இந்தக் கோட்டு. நாள் மாத்தினது. எல்லாரும் என்னயக் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருக்கீங்க. இன்னொரு நாள் குறிச்சா, அது வரைக்கும் மறுபடி இதே மாதிரி இருக்கணும்லா. இன்னிக்கே முடிஞ்சுரட்டும்னு தோணிட்டு.”

எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கச் சொல்லட்டுமா மாப்ள?”

“வேண்டாம் மாமா,” என்றார்.

என்னிடம் அவர் சொன்ன முதல் வேண்டாம். நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நேராகவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் காலை அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மிக்சியைப் போட்டாள். தேவைக்கு மேல் வெகுநேரம் போட்டாள். சட்னி கூழாகிவிட்டது. சாயங்காலம் நான் செருப்புச் சத்தம் கேட்க வாசலுக்கு வந்தேன். வீம்புக்கு மரியாதையைக் குறைத்துக்கொள்ள முயன்ற எங்கள் இரண்டு பேரையும் பார்க்க மீனாவுக்கே பாவமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து வருத்தம் தெரிவித்து மெயில் வந்தது. அன்று சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தபோது அவர் பால்கனிக்குப் போகவில்லை. எங்கள் முன்னால் உட்கார்ந்தே, “யப்பா, எனக்கு வேல போயிட்டு. போயி ரொம்ப நாளாச்சு,” என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளை ரயிலேறி ஊருக்குப் போனார். அப்பா கடையில் பி.வி.சி. பைப்பும் டேப்பும் விற்றார். மீனா இங்கே எங்களோடு இருந்தாள். சாயங்காலம் போன் வந்தால் இப்போது அவள் துணிகளுக்கு நடுவே போய் நின்றாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் தோசை மிஞ்சியது.

பிறகு சின்னக் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்துத் திரும்பி வந்தார். கண்ணாடிக் கட்டடம் இல்லை. கீழே டயர் கடை, மேலே ஆபீஸ். சம்பளம் பழையதில் பாதி சொச்சம் என்று மீனா சொல்லித் தெரியும். அதுவும் நிச்சயம் இல்லை என்று அவரே சொல்கிறார். பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார்கள். வேறு இடங்களுக்கும் இண்டர்வியூ கொடுக்கிறார். ஆனால் எங்களிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. முடிந்த பிறகு, அது கிடைக்கவில்லை என்பதோடு சேர்த்துத்தான் சொல்வார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மீனா இந்தக் கதையை எடுத்துவிடுவாள். “எங்கப்பா எங்க வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க. மொதக் கல்யாணம் தென்காசில, என்கூட. ரெண்டாவது பிம்ப்ளே குரவுல, லேப்டாப்கூட.” சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. நாலைந்து பெண்கள் இப்போது பத்துப் பன்னிரண்டாகிவிட்டார்கள். தாய்மாமனுக்குப் பெரிய மீசை வந்துவிட்டது. என்னைக் காலரைப் பிடித்து இரண்டு படி இறக்கிவிட்டதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது.

கதை தொடங்கியதும் எல்லோருக்கும் முன்னால் சிரிப்பது மாப்பிள்ளைதான். பலமாகச் சிரிப்பார். ஆனால் பார்வை மட்டும் என் மேலேயே இருக்கும், நான் வாடிவிடக் கூடாதே என்று. போன பொங்கலுக்கு வந்தபோதும் அப்படித்தான். எனக்காக அப்படிச் சிரிக்க வேண்டாம் மாப்ள என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று, நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.